ரத்தத்தில் ஹார்மோன் எவ்வளவு இருக்கிறது, அது எவ்வளவு வேலை செய்கிறது

ஏற்காட்டில் காப்பித் தோட்டம் ஒன்றில் வேலை பார்க்கும் நீங்கள் கேட்டிருப்பது இது: திருமணமாகி மூன்று ஆண்டுகள் ஆகியும் குழந்தை இல்லாததால், சேலத்தில் உங்கள் மனைவிக்கு ரத்தப் பரிசோதனை செய்தீர்கள். ஓர் ஆய்வகத்தில் புரோலாக்டின் (தாய்ப்பால் சுரக்கத் தூண்டும் ஹார்மோன்) 64 என்றும், பத்து நாள் கழித்து வேறோர் ஆய்வகத்தில் 37 என்றும் வந்திருக்கிறது. அவருக்கு மாதவிடாய் ஒழுங்காக வருகிறது. மார்பில் பால் கசிவு எதுவும் இல்லை. உங்களுக்கும் டெஸ்டோஸ்டிரோன் சற்றுக் குறைவு என்று எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். ‘இந்தப் பரிசோதனையெல்லாம் ஹார்மோன் எவ்வளவு இருக்கிறது என்றுதான் சொல்லும், அது வேலை செய்கிறதா என்று சொல்லாது’ என்று உறவினர் ஒருவர் சொல்லக் கேட்டு, அந்த வேலைத்திறனை அளக்கும் பரிசோதனை எது, சேலத்தில் அது எங்கே கிடைக்கும் என்று விசாரிக்கிறீர்கள். விலாசம் கேட்பதுபோல் தோன்றினாலும், கையில் இருக்கும் எண்களை எந்த அளவுக்கு நம்பலாம் என்பதே உங்கள் கவலை என்று எடுத்துக்கொண்டு பதில் எழுதுகிறேன்.

நான் மருத்துவர் அல்ல, உயிர்வேதியியல் படித்தவன். 1980-களின் பிற்பகுதியில் பெங்களூரில் ஆய்வு மாணவனாக இருந்தபோது, நீங்கள் கேட்கும் இதே செயல்திறனைச் சுண்டெலியின் விந்தகச் செல்களைக் கொண்டு மூன்று ஆண்டுகள் அளந்துகொண்டிருந்தேன். பிறகு சேலத்துக்கே திரும்பி, ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் பரிசோதனைக் கூடங்களில் ஹார்மோன் பிரிவைக் கவனித்துக்கொண்டேன். ஆகவே அளக்கும் முறை பற்றி என்னால் உறுதியாகப் பேச முடியும். மாத்திரையைத் தொடங்குவதா நிறுத்துவதா என்பதை உங்கள் மருத்துவர்தான் முடிவு செய்ய வேண்டும். நான் எழுதுவதை அவரிடம் கேட்பதற்கான கேள்விகளாக வைத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் உறவினர் சொன்னது சரி. ஆனால் அவர் சொன்ன அந்தச் செயல்திறன் பரிசோதனை நோயாளிகளுக்கான வழக்கமான சேவையாகச் சேலத்தில் மட்டுமல்ல, பெருநகரங்களிலும் செய்யப்படுவதில்லை. அது ஆய்வுக்கூடங்களின் கருவி. உங்கள் நிலையில் அது தேவையும் இல்லை என்பது என் கருத்து. ஏன் தேவையில்லை என்பதைப் புரிந்துகொள்ள, இப்போது செய்யப்படும் பரிசோதனை எதைப் பார்க்கிறது, எதைப் பார்ப்பதில்லை என்று தெரிய வேண்டும்.

சினைப்பையையும் விந்தகத்தையும் இயக்கும் எல்.எச்., எஃப்.எஸ்.எச். என்ற ஹார்மோன்களையோ புரோலாக்டினையோ இன்று எந்த ஆய்வகத்தில் பார்த்தாலும், அது எதிர்ப்பொருளை, அதாவது குறிப்பிட்ட ஒரு பொருளைத் தேடிப் பிடித்துக்கொள்ளும் புரதத்தை, கொண்டு செய்யப்படும் சோதனைதான். இந்த ஹார்மோன்கள் அளவில் பெரிய புரதங்கள். அவற்றின் மேற்பரப்பில் ஓர் இடத்தைப் பிடித்துக்கொள்ள ஓர் எதிர்ப்பொருளும், இன்னோர் இடத்தைப் பிடித்துக்கொள்ள மற்றோர் எதிர்ப்பொருளும் கருவிக்குள் வைக்கப்பட்டிருக்கும். இரண்டும் ஒரே மூலக்கூறைப் பிடித்தால் ஒளி உண்டாகும். அந்த ஒளியின் அளவே அறிக்கையில் எண்ணாக வருகிறது. உடலில் அந்த ஹார்மோன் வேலை செய்வதற்குப் பிடிக்க வேண்டியதோ சினைப்பை, விந்தகம், மார்பு போன்ற உறுப்புகளின் செல்களில் இருக்கும் ஏற்பியை, அதாவது ஹார்மோனின் கட்டளையை வாங்கிக்கொள்ளும் புரதத்தை. எதிர்ப்பொருள் பிடிக்கும் இடமும் ஏற்பி பிடிக்கும் இடமும் ஒன்றாக இருக்க வேண்டும் என்ற கட்டாயம் கிடையாது. பெரும்பாலான மனிதர்களிடம் இரண்டும் சேர்ந்தே இருப்பதால், ஒன்றைப் பார்த்து மற்றொன்றை ஊகிக்கிறோம்.

சேலம் செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளிக் கொலுசு வாங்குகிறவர்களுக்கு இதைச் சொல்லிப் புரியவைப்பது எளிது. தராசு எத்தனை கிராம் என்று சொல்லும். அதில் வெள்ளி எவ்வளவு என்பதற்கு ‘டச்’ பார்க்க வேண்டும். ஒரே பட்டறையில் ஒரே கலவையில் வார்த்த கொலுசுகளாக இருக்கும்வரை தராசு ஒன்றே போதும். கலவை மாறிய கொலுசு ஒன்று உள்ளே வந்துவிட்டால், அதைத் தராசு காட்டிக்கொடுக்காது.

வேடிக்கை என்னவென்றால், வரலாற்றில் ‘டச்’ பார்ப்பதுதான் முதலில் வந்தது. தராசு பிறகுதான் வந்தது. 1920-களின் இறுதியில் பெர்லினில் ஆஷ்ஹைம், சோன்டெக் என்ற இருவர், கர்ப்பிணியின் சிறுநீரைப் பருவமடையாத சுண்டெலிக்குள் செலுத்தி, சில நாள் கழித்து அதன் சினைப்பையைத் திறந்து பார்த்துக் கர்ப்பத்தை உறுதி செய்தார்கள். கர்ப்பத்தில் சுரக்கும் எச்.சி.ஜி. என்ற ஹார்மோன் அந்த எலிக்குள் வேலை செய்ததை அவர்கள் கண்ணால் பார்த்தார்கள். அதன்பின் முயலும் தவளையும் அதே வேலைக்கு வந்தன. 1953-இல் ஸ்டீல்மன், போலி என்ற இருவர் எஃப்.எஸ்.எச்.-க்கு ஒரு முறையை வகுத்தார்கள்: பருவமடையாத பெண் எலிகளுக்கு எச்.சி.ஜி.யுடன் சேர்த்து எஃப்.எஸ்.எச். மாதிரியைச் செலுத்தி, சினைப்பையின் எடை எவ்வளவு கூடுகிறது என்று நிறுத்துப் பார்ப்பது. கருத்தரிப்பு மையங்களில் பெண்கள் போட்டுக்கொள்ளும் 75 அலகு, 150 அலகு ஊசிகளின் அலகு, பல பத்தாண்டுகளாக அந்த எலிச் சினைப்பையின் எடையை வைத்தே நிர்ணயிக்கப்பட்டது. உங்கள் மனைவியின் அறிக்கையில் எஃப்.எஸ்.எச்.-க்கும் எல்.எச்.-க்கும் எதிரே உள்ள ‘சர்வதேச அலகு’ என்ற சொல்லும் அந்த வழியில் பிறந்ததுதான். உலகச் சுகாதார நிறுவனத்தின் தரநிலை மாதிரிகளுக்கு உயிருள்ள திசுவின் எதிர்வினையைக் கொண்டு அலகு கொடுத்தார்கள். இன்றைய கருவிகள் அந்த மாதிரிகளை எதிர்ப்பொருளால் அளந்து, அதனோடு உங்கள் ரத்தத்தை ஒப்பிடுகின்றன. அலகு வேலையின் அலகு, அளப்பதோ உருவத்தை. இந்த முரண்பாட்டை நான் மாணவனாக இருந்தபோது முதன்முதலாகப் புரிந்துகொண்ட நாளிலிருந்து, எந்த ஹார்மோன் அறிக்கையையும் அதை நினைக்காமல் என்னால் படிக்க முடிந்ததில்லை.

எலியை விட்டு எதிர்ப்பொருளுக்கு ஏன் வந்தோம் என்பதற்குக் காரணங்கள் வலுவானவை. எலிக்குள் செலுத்தும் சோதனைக்கு ஹார்மோன் நிறைய வேண்டும்; சாதாரண மனிதரின் ரத்தத்தில் ஓடும் சிறிய அளவை அது உணராது. ஓர் எலிக்கும் அடுத்த எலிக்கும் எதிர்வினை மாறும் என்பதால், ஒரு மாதிரிக்குப் பல எலிகள் வேண்டும். நாட்கணக்கில் காத்திருக்கவும் வேண்டும். 1950-களின் கடைசியில் நியூயார்க்கில் ரோசலின் யாலோவும் சாலமன் பெர்சனும் கதிரியக்கத்தையும் எதிர்ப்பொருளையும் சேர்த்து, முதலில் இன்சுலினை அளந்து காட்டியபோது, ஒரு மில்லிலிட்டர் ரத்தத்தில் கிராமின் நூறு கோடியில் ஒரு பங்கைவிடவும் சிறிய அளவுகள் கைக்கு எட்டின. யாலோவுக்கு 1977-இல் நோபல் பரிசு கிடைத்தது. பெர்சன் 1972-இலேயே காலமாகிவிட்டார். இன்று காலையில் ரத்தம் கொடுத்து மாலையில் அறிக்கை வாங்குகிறோம் என்றால், அதற்கான வேர் அந்த வேலைதான்.

எதிர்ப்பொருள் சோதனை வந்த பிறகும், செயல்திறனை அளக்கும் ஆசை போய்விடவில்லை. அது முழு விலங்கிலிருந்து செல்லுக்கு இடம் மாறியது. 1970-களின் நடுவில் எலி, சுண்டெலி ஆகியவற்றின் விந்தகத்திலுள்ள லேடிக் செல்களைப் பயன்படுத்தி, மனித ரத்தத்திலுள்ள எல்.எச்.-இன் செயலை நேரடியாக அளக்கும் முறைகள் வந்தன. நான் செய்துவந்தது அதைத்தான். சுண்டெலியின் விந்தகத்தின் உறையை நீக்கி, திசுவை மெல்லக் கலக்கி, நைலான் வலையில் வடிகட்டி, கிடைக்கும் செல்களைக் குழாய்களில் பங்கிட வேண்டும். சில குழாய்களில் அளவு தெரிந்த எல்.எச்.-ஐயும் சிலவற்றில் நோயாளியின் சீரத்தையும் (ரத்தம் உறைந்தபின் தெளிந்து நிற்கும் நீர்) சேர்த்து, சில மணி நேரம் வெதுவெதுப்பில் வைத்தால், எல்.எச். எவ்வளவு வேலை செய்ததோ அதற்கேற்ப அந்தச் செல்கள் டெஸ்டோஸ்டிரோனைச் சுரக்கும். அந்த டெஸ்டோஸ்டிரோனைக் கடைசியில் நாங்கள் எதிர்ப்பொருள் சோதனையால்தான் அளந்தோம் என்பதையும் சொல்ல வேண்டும். எதிர்ப்பொருளை முற்றிலும் ஒதுக்கிய செயல்திறன் சோதனை அந்நாளில் அரிது. எஃப்.எஸ்.எச்.-க்கு 1980-களின் நடுவில் ஆரன் ஷுவே குழுவினர், எலிச் சினைப்பையின் கிரானுலோசா செல்கள் ஈஸ்ட்ரோஜன் உண்டாக்கும் அளவைக் கொண்டு ஒரு முறையை உருவாக்கினார்கள். பின்னாளில், மனித ஏற்பியின் மரபணுவைப் புகுத்திய செல் வரிசைகள் வந்த பிறகு, ஒவ்வொரு வாரமும் விலங்கைக் கொல்லும் அவசியம் குறைந்தது.

அந்த மூன்று ஆண்டுகளில் நான் கற்றது, இந்தச் சோதனை எவ்வளவு எளிதில் தடம் புரளும் என்பது. ஒரே மாதிரியைத் திங்கட்கிழமை அளந்தால் ஒன்று வரும், வியாழக்கிழமை அளந்தால் வேறு வரும். ஏனென்றால் அன்றைய செல்கள் வேறு. மனிதச் சீரமே அந்தச் செல்களுக்கு ஒத்துக்கொள்ளாது. சீரத்தில் ஹார்மோனைத் தவிர வளர்ச்சிக் காரணிகளும் மற்ற ஸ்டீராய்டுகளும் இருக்கின்றன; அவையும் செல்லைத் தூண்டும், சில நேரம் அடக்கும். இவற்றையெல்லாம் கழித்து எல்.எச். மட்டும் செய்த வேலை இவ்வளவு என்று சொல்வதற்குள் ஒரு மாதிரிக்குப் பத்துப் பதினைந்து குழாய்கள் ஆகிவிடும். இப்படிப்பட்ட ஒன்றை நோயாளியின் சிகிச்சையைத் தீர்மானிக்கும் அன்றாடப் பரிசோதனையாக யாரும் வைக்காததற்குச் செலவு மட்டும் காரணம் அல்ல, நம்பகத்தன்மை முதற்காரணம்.

இதைவிட ஆழமான சிக்கல் ஒன்று உண்டு. ‘செயல்திறன்’ என்று ஒரே பெயரால் அழைத்தாலும், குழாயில் தெரியும் செயலும் உடலுக்குள் நடக்கும் செயலும் ஒன்றல்ல. எல்.எச்., எஃப்.எஸ்.எச்., எச்.சி.ஜி. மூன்றும் இரண்டு துண்டுகள் சேர்ந்தவை. ஆல்ஃபா என்ற துண்டு மூன்றிலும் ஒன்றே, 92 அமினோ அமிலங்கள் கொண்டது. பீட்டா துண்டுதான் ஒவ்வொன்றுக்கும் தனி. இந்தப் புரதத்தின்மேல் சர்க்கரைச் சங்கிலிகள் ஒட்டியிருக்கும், அவற்றின் நுனியில் சியாலிக் அமிலம் இருக்கும். எச்.சி.ஜி.யில் அந்தச் சியாலிக் அமிலத்தை நீக்கிவிட்டுக் குழாயில் சோதித்தால், அது ஏற்பியை நன்றாகவே பிடிக்கும். உடலுக்குள் செலுத்தினால் கல்லீரல் அதை விரைவாக வாரிக்கொண்டு போய்விடும். வேலை செய்ய நேரமே இருக்காது. ரத்தத்தில் எல்.எச். பாதியாகக் குறைய ஏறத்தாழ அரை மணி நேரம்தான் ஆகிறது; எஃப்.எஸ்.எச்.-க்குச் சில மணி நேரம், எச்.சி.ஜி.க்கு ஒரு நாளுக்கும் மேல். ஆகவே ஏற்பியை எவ்வளவு இறுகப் பிடிக்கிறது என்பதோடு, ரத்தத்தில் எவ்வளவு நேரம் நின்று பிடிக்கிறது என்பதும் சேர்ந்தால்தான் உண்மையான செயல். செல்லை வைத்துச் செய்யும் சோதனைக்கு முதல் பாதி மட்டுமே தெரியும்.

பிடிப்பது வேறு, செயலைத் தடுப்பது வேறு என்ற இதே பாடத்தை நம் நாட்டு ஆய்வு ஒன்றும் எதிர்ப்பக்கமிருந்து காட்டியது. டெல்லியில் ஜி.பி. தல்வார் குழுவினர் எச்.சி.ஜி.க்கு எதிரான கருத்தடைத் தடுப்பூசியைச் சோதித்தபோது, எதிர்ப்பொருள் உண்டாகிவிட்டது என்பதோடு அவர்கள் நிற்கவில்லை. ஒரு மில்லிலிட்டருக்கு 50 நானோகிராம் எச்.சி.ஜி.யைச் செயலிழக்கச் செய்யும் அளவுக்கு எதிர்ப்பொருள் இருக்கிறதா என்று பார்த்தார்கள். 1994-இல் வெளியான முடிவுகளின்படி, அந்த அளவுக்கு மேல் இருந்த பெண்களிடம் 1224 மாதச் சுழற்சிகளில் ஒரே ஒரு கர்ப்பம்தான் ஏற்பட்டது.

எல்.எச்., எஃப்.எஸ்.எச்.-இல் எண்ணும் செயலும் எவ்வளவு தூரம் பிரிந்து நிற்கும் என்ற கேள்விக்கு வருகிறேன். 1970-களிலும் 80-களிலும், செயல்திறன் அளவை எதிர்ப்பொருள் அளவால் வகுத்து ஒரு விகிதம் சொல்வது வழக்கமாக இருந்தது. பருவமடையும்போது அந்த விகிதம் மாறுகிறது, முதுமையில் மாறுகிறது, சில மருந்துகளுக்குப் பின் மாறுகிறது என்று கட்டுரைகள் குவிந்தன. நானும் அதை நம்பித்தான் வேலை செய்தேன். பிறகு இரு எதிர்ப்பொருள்களைக் கொண்ட நுண்ணிய சோதனைகள் வந்தன. 1990-இல் பின்லாந்தின் ஆய்வாளர்கள் அவற்றைக் கொண்டு பழைய கேள்வியை மீண்டும் எடுத்துப் பார்த்தபோது, அந்த வேறுபாடுகளில் பெரும்பகுதி மறைந்துவிட்டது. பழைய கதிரியக்கச் சோதனைகள், தனியாக மிதக்கும் ஆல்ஃபா துண்டு போன்ற வேலை செய்யாத பொருள்களையும் சேர்த்து எண்ணியதால், விகிதம் மாறுவதுபோல் தோன்றியிருக்கிறது. என் இளமையின் உழைப்பில் ஒரு பகுதி, அளக்கும் கருவியின் குறையை உடலின் விந்தையாக எடுத்துக்கொண்டதுதான் என்று அன்று புரிந்தது. அது வருத்தம் தந்தது. ஆனால் இன்று உங்களுக்குத் தைரியமாகச் சொல்ல முடிவதும் அதனால்தான்: மிகப் பெரும்பாலானோரிடம் நவீனச் சோதனை தரும் எல்.எச்., எஃப்.எஸ்.எச். எண், செயலையும் நன்றாகவே பிரதிபலிக்கிறது.

விதிவிலக்குகள் உண்டு, அவை அரியவை. 1992-இல் இரண்டு நிகழ்வுகள் பதிவாயின. பின்லாந்தில் ஆரோக்கியமான ஒரு பெண்ணின் ரத்தத்தில், ஒரு குறிப்பிட்ட எதிர்ப்பொருளைக் கொண்ட சோதனை எல்.எச். இல்லவே இல்லை என்று காட்டியது. வேறு எதிர்ப்பொருள்களைக் கொண்ட சோதனையில் எல்.எச். தெரிந்தது. அவருடைய எல்.எச்.-இன் பீட்டா துண்டில் 8-ஆம், 15-ஆம் இடங்களில் அமினோ அமிலம் மாறியிருந்ததைப் பின்னர் கண்டார்கள். அதே ஆண்டில் பதிவான மற்றொரு நிகழ்வு இதற்கு நேர்மாறானது: பருவ வளர்ச்சி தடைப்பட்ட ஓர் ஆணுக்கு எல்.எச். அதிகமாகக் காட்டியது, டெஸ்டோஸ்டிரோனோ குறைவு. பீட்டா துண்டின் 54-ஆம் இடத்தில் குளூட்டமினுக்குப் பதிலாக ஆர்ஜினின் வந்து, அந்த எல்.எச். ஏற்பியைப் பிடிக்கவே முடியாததாக ஆகியிருந்தது. எதிர்ப்பொருளுக்கு அது முழு எல்.எச்.; விந்தகத்துக்கு அது ஒன்றுமே இல்லை. இரண்டு பேரிடமும் சந்தேகத்தைக் கிளப்பியது ஒரே விஷயம்: உடல் சொல்வதும் எண் சொல்வதும் ஒத்துப்போகவில்லை.

உங்கள் மனைவியின் விஷயத்தில் என் கண்ணில் பட்டதும் அதுதான். புரோலாக்டின் 64, அதாவது மிகை, என்கிறது தாள். உண்மையான மிகையில் பொதுவாக மாதவிடாய் தவறும், பால் கசியும். ஒழுங்கான மாதவிடாயும் பால் கசிவு இல்லாததும் வேறு சொல்கின்றன. புரோலாக்டினில் இப்படி நேர்வதற்கு நன்கு அறியப்பட்ட காரணம் ஒன்று உண்டு, அதன் பெயர் மேக்ரோபுரோலாக்டின். சிலருடைய ரத்தத்தில் புரோலாக்டின், அவர்களுடைய சொந்த எதிர்ப்பொருளோடு பின்னிக்கொண்டு பெரிய கட்டியாகச் சுற்றிவரும். சாதாரணப் புரோலாக்டினைப் போல் ஆறேழு மடங்கு எடை கொண்ட அந்தக் கட்டி, ரத்தக்குழாயின் சுவரைத் தாண்டி ஏற்பி இருக்கும் இடத்துக்கு எளிதில் போக முடியாது. சிறுநீரகமும் அதைச் சீக்கிரம் வெளியேற்றாது. அதனால் ரத்தத்தில் தேங்கி எண்ணை உயர்த்திக் காட்டும், வேலை மட்டும் நடக்காது. புரோலாக்டின் அதிகம் என்று வருபவர்களில், சோதனை முறையைப் பொறுத்து, பத்தில் ஒருவர் முதல் நான்கில் ஒருவர் வரை இதுதான் காரணம். எந்தக் கருவி இந்தக் கட்டியை எவ்வளவு பிடிக்கிறது என்பது கருவிக்குக் கருவி மாறும். ஒரே பெண்ணுக்கு ஓரிடத்தில் 64, இன்னோரிடத்தில் 37 வருவதற்கு இதுவே போதுமான விளக்கமாக இருக்கக்கூடும். இருக்கக்கூடும் என்றுதான் சொல்கிறேன். சோதித்துப் பார்க்காமல் அப்படித்தான் என்று சொல்ல மாட்டேன்.

இதில் கவனிக்க வேண்டிய ஒன்று: புரோலாக்டினுக்கு என்று செல்லை வைத்துச் செய்யும் நல்ல செயல்திறன் சோதனை ஒன்று இருக்கிறது. என்.பி.2 என்ற எலி நிணநீர்ப் புற்றுச் செல்கள் புரோலாக்டின் பட்டால் பெருகும். 1980-இலிருந்து அது வழக்கில் உள்ளது. மேக்ரோபுரோலாக்டினை அந்தச் செல்களின்மேல் விட்டால், பல நேரங்களில் அது நன்றாகவே வேலை செய்வதாகக் காட்டும். குழாயில் ரத்தக்குழாயின் சுவர் இல்லையே! ஆகவே நீங்கள் தேடும் அந்தப் பரிசோதனை சேலத்தில் கிடைத்து, நீங்கள் பணம் கட்டிச் செய்திருந்தாலும், உங்கள் மனைவியின் விஷயத்தில் அது உங்களைத் தவறான பக்கமே திருப்பிவிட்டிருக்கலாம். இதற்குப் பயன்படுவது எளிய வேதியியல்தான். பி.ஈ.ஜி. என்று சுருக்கமாகச் சொல்லப்படும் பாலிஎத்திலீன் கிளைக்காலைச் சீரத்தோடு சம அளவில் கலந்து சுழற்றினால் பெரிய கட்டிகள் அடியில் படியும். மேலே தெளிந்து நிற்பதில் மீண்டும் புரோலாக்டின் பார்ப்பார்கள். முதலில் இருந்ததில் நாற்பது விழுக்காட்டுக்கும் குறைவாகவே மேலே மிஞ்சினால், மேக்ரோபுரோலாக்டினே பெரும்பங்கு என்று பொருள். மிஞ்சிய அளவும் இயல்பான வரம்புக்குள் இருக்கிறதா என்று பார்ப்பது அதைவிட முக்கியம். ஏனென்றால் கட்டியும் உண்மையான மிகையும் ஒருசேர இருப்பவர்களும் உண்டு.

இதை நான் இவ்வளவு அழுத்திச் சொல்வதற்கு ஒரு காரணம் இருக்கிறது. பல ஆண்டுகளுக்கு முன் நான் பொறுப்பிலிருந்த ஒரு கூடத்திலிருந்து, அம்மாப்பேட்டையைச் சேர்ந்த நெசவாளர் குடும்பத்துப் பெண் ஒருவருக்குப் புரோலாக்டின் அதிகம் என்று மூன்று முறை அறிக்கை கொடுத்தோம். மூன்று முறையும் கருவி சரியாகவே வேலை செய்தது. எங்கள் தரக்கட்டுப்பாடும் சரியாக இருந்தது. அவர் இரண்டு ஆண்டுகள் மாத்திரை சாப்பிட்டார், தலைக்கு எம்.ஆர்.ஐ. எடுத்தார், தறி ஓட்டிச் சேர்த்த பணத்தை அதற்குச் செலவழித்தார். பிறகு வேறோர் ஊரில் பி.ஈ.ஜி. செய்து பார்த்தபோது வேலை செய்யும் புரோலாக்டின் இயல்பான அளவில்தான் இருந்தது. அறிகுறி இல்லாதவருக்கு எண் உயர்ந்து வந்தபோது அந்தச் சிறிய வேலையை நான் செய்திருக்க வேண்டும். அதன்பின் நான் ஓய்வு பெறும்வரை, உயர்ந்த புரோலாக்டின் எதையும் பி.ஈ.ஜி. செய்யாமல் வெளியே அனுப்ப விட்டதில்லை.

64-க்கும் 37-க்கும் மற்றக் காரணங்களும் இருக்கலாம். புரோலாக்டின் பதற்றத்தில் ஏறும் ஹார்மோன். தூங்கும்போதும் ஏறும், விழித்த பிறகு சில மணி நேரத்தில் இறங்கும். விடியற்காலையில் எழுந்து, இருபது கொண்டை ஊசி வளைவுகளில் பேருந்தில் இறங்கி, வாந்தி வரும் நிலையில் வந்து உட்கார்ந்தவுடன் ஊசி குத்தினால் அன்றைய எண் அவருடைய இயல்பான எண் ஆகாது. மலைச் சாலை வாந்திக்கோ வயிற்று உப்புசத்துக்கோ போடும் மாத்திரையில் டாம்பெரிடோனோ லெவோசல்பிரைடோ இருந்தால், அதுவே புரோலாக்டினை நன்றாக உயர்த்திவிடும். வாயு மாத்திரை என்று நம் ஊரில் கடையில் கேட்டு வாங்குவதில் பலவற்றில் இவை இருக்கின்றன. தைராய்டு குறைந்திருந்தாலும் புரோலாக்டின் ஏறும். முடி உதிர்வுக்கென்று பயோட்டின் மாத்திரை சாப்பிட்டால் அது வேறு விதமாகக் குழப்பும்: பயோட்டினைக் கண்ணியாகப் பயன்படுத்தும் கருவிகளில் புரோலாக்டின், எல்.எச்., எஃப்.எஸ்.எச். குறைவாகவும், ஈஸ்ட்ரடயால், டெஸ்டோஸ்டிரோன் போன்றவை கூடுதலாகவும் தவறாகக் காட்டும். இரண்டு அறிக்கைகளிலும் அலகு ஒன்றுதானா என்பதையும் பாருங்கள். ஒரு மில்லிலிட்டருக்கு 1 நானோகிராம் என்பது, மற்றோர் அலகில் லிட்டருக்கு ஏறத்தாழ 21 மில்லி அலகு.

உங்கள் டெஸ்டோஸ்டிரோன் விஷயம் வேறு வகை. அது சிறிய மூலக்கூறு. அதில் உருவம் கெட்டு வேலை செய்யாமல் போவது என்ற கேள்வி எழுவதில்லை. அங்கே செயலைத் தீர்மானிப்பது, எவ்வளவு கட்டப்பட்டிருக்கிறது என்பது. ஆண்களின் ரத்தத்தில் ஏறத்தாழ இரண்டு விழுக்காடுதான் தனித்து ஓடுகிறது, மீதி, எஸ்.எச்.பி.ஜி. என்ற புரதத்தோடு இறுக்கமாகவும் ஆல்புமினோடு தளர்வாகவும் ஒட்டியிருக்கிறது. உடல் எடை கூடியவர்களுக்கு எஸ்.எச்.பி.ஜி. குறையும், அதனால் மொத்த டெஸ்டோஸ்டிரோன் குறைவாகத் தெரிந்தாலும், தனித்து ஓடுவது போதுமானதாகவே இருக்கக்கூடும். மொத்த அளவு, எஸ்.எச்.பி.ஜி., ஆல்புமின் மூன்றும் தெரிந்தால் தனித்த பங்கைக் கணக்கிட 1999-இல் வெர்மோலன் தந்த சூத்திரம் பெருமளவு வழக்கில் உள்ளது. ஏற்பியைப் புகுத்திய செல்களில் ஆண் ஹார்மோனின் செயலை அளக்கும் முறைகள் ஆய்வுக்கூடங்களில் உண்டு. ஈஸ்ட் செல்லைக் கொண்டு 1994-இல் செய்யப்பட்ட ஒரு சோதனை, அன்றைய எதிர்ப்பொருள் சோதனைகளுக்கு எட்டாத சிறு குழந்தைகளின் ஈஸ்ட்ரோஜனையே அளந்து காட்டியது. வளர்ந்த ஆணாகிய உங்களுக்கு அவை எதுவும் வேண்டாம். வேறொரு நாள் காலை பத்து மணிக்குள், வெறும் வயிற்றில் மறுபடி பார்த்தால் போதும், ஏனென்றால் ஒருமுறை குறைந்ததை வைத்து யாரும் முடிவு கட்டக் கூடாது.

செயல்திறனை அளக்க வேண்டும் என்ற உங்கள் எண்ணம் மிகச் சரியானது. அதற்கு உடலையே கேட்கலாம். உங்கள் மனைவியின் எல்.எச்.-உம் எஃப்.எஸ்.எச்.-உம் வேலை செய்கின்றனவா என்பதை அவருடைய சினைப்பை ஒவ்வொரு மாதமும் சோதித்துக்கொண்டிருக்கிறது. அடுத்த மாதவிடாய்க்கு ஏறத்தாழ ஏழு நாள் முன்பு புரோஜெஸ்டிரோன் பார்த்து, அது மில்லிலிட்டருக்கு 3 நானோகிராமைத் தாண்டியிருந்தால், கருமுட்டை வெளிவந்திருக்கிறது என்று கொள்ளலாம். எஃப்.எஸ்.எச். முட்டைப்பையை வளர்த்து, எல்.எச். அதைத் திறந்து, அதன்பின் அந்தப் பையே புரோஜெஸ்டிரோன் சுரக்கும் மஞ்சள் உடலமாக மாறினால்தான் அந்த எண் வரும். எந்தச் சுண்டெலிச் செல்லும் இவ்வளவு முழுமையான விடை தராது. உங்கள் பக்கம் அதற்கு இணையானது விந்துப் பரிசோதனை; இவ்வளவு ரத்தப் பரிசோதனைகளுக்கு நடுவில் அதை நீங்கள் குறிப்பிடவே இல்லை என்பது எனக்குக் கவலை தருகிறது. குழந்தை தாமதமானால் பெண்ணுக்கு ஊசி மேல் ஊசி போட்டுக்கொண்டு, ஆணுக்குச் செய்ய வேண்டிய எளிய பரிசோதனையைக் கடைசிக்குத் தள்ளும் வழக்கத்தை இந்த ஊரில் முப்பது ஆண்டுகள் பார்த்துவிட்டேன்.

இவற்றில் எது உறுதி, எது இன்னும் முடிவாகவில்லை என்பதையும் பிரித்துச் சொல்கிறேன். மேக்ரோபுரோலாக்டின் உண்டு, அது எண்ணை உயர்த்தும், பி.ஈ.ஜி. அதைக் கண்டுபிடிக்கும் என்பவை உறுதி. அது மட்டுமே இருப்பவருக்கு மாத்திரை தேவைப்படுவதில்லை என்பது பெரும்பாலான மருத்துவர்களின் நிலைப்பாடு. பின்லாந்துப் பெண்ணிடம் கண்ட எல்.எச். மாற்றம் பல நாட்டு மக்களிடமும் பரவலாக இருக்கிறது. அது கருத்தரிப்பைக் குறைக்கிறதா என்பதில் ஆய்வுகள் ஒன்றுக்கொன்று முரண்படுகின்றன, ஆகவே அந்த மரபணுப் பரிசோதனைக்கு யாராவது உங்களை அனுப்பினால் ஏன் என்று கேளுங்கள். எஃப்.எஸ்.எச்.-இன் சர்க்கரைச் சங்கிலிகள் மாதவிடாய்ச் சுழற்சியின் நடுவிலும் மாதவிடாய் நின்ற பிறகும் மாறுவது உண்மை. அதை அளந்து சிகிச்சையை மாற்றுவதால் பயன் உண்டு என்பது நிறுவப்படவில்லை.

செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். முடிந்தால் முந்தின நாளே சேலம் இறங்கி, உறவினர் வீட்டில் தங்கிக்கொள்ளுங்கள். வாயு மாத்திரையோ முடி மாத்திரையோ உங்கள் மனைவி எடுத்துக்கொண்டிருந்தால், மருத்துவரிடம் சொல்லி முன்கூட்டியே நிறுத்த முடியுமா என்று கேளுங்கள். மனநோய்க்கான சில மாத்திரைகளும் புரோலாக்டினை உயர்த்தும்; ஆனால் அவற்றை நீங்களாக நிறுத்தவே கூடாது. அவர் எழுந்து இரண்டு மூன்று மணி நேரம் ஆன பிறகு, கூடத்தில் இருபது நிமிடம் அமைதியாக உட்கார்ந்து, அதன்பின் ரத்தம் கொடுக்கட்டும். புரோலாக்டினோடு தைராய்டுக்கான டி.எஸ்.எச்.-ஐயும் பார்க்கச் சொல்லுங்கள். ‘புரோலாக்டின் கூடுதலாக வந்தால் அதே ரத்தத்தில் பி.ஈ.ஜி. செய்து, இரண்டு எண்ணையும் எழுதிக் கொடுங்கள்’ என்று ரத்தம் எடுக்கும்போதே கேளுங்கள். அந்தக் கூடத்தில் வசதி இல்லையென்றால் சீரத்தை வெளியே அனுப்புவார்கள், சில நாள் ஆகும். அதே காலையில் உங்கள் டெஸ்டோஸ்டிரோனையும் விந்துப் பரிசோதனையையும் முடித்துவிடலாம். அதற்கு முன் இரண்டு முதல் ஏழு நாள் வரை தாம்பத்திய இடைவெளி வேண்டும். விந்து மாதிரியை ஏற்காட்டிலேயே எடுத்து டப்பாவில் கொண்டுவர வேண்டாம். ஒரு மணி நேரத்துக்குள் அது நுண்ணோக்கியின் கீழ் இருக்க வேண்டும், மலை இறங்கிக் கூடத்தைத் தேடி வருவதற்குள் அந்த நேரம் கடந்துவிடும்.